மாத்திரைச் சீட்டைத் தமிழில் எழுதத் தொடங்கியது எப்படி

வாய் கொப்பளித்தால் ரத்தமாக வருகிறது என்று அந்த அம்மா போன் செய்தபோது இரவு ஒன்பதரை மணி. கணவருக்கு மூளையில் கிளியோபிளாஸ்டோமா என்ற வீரியமான புற்றுக்கட்டி. ஆபரேஷன் முடிந்து, ஆறு வாரக் கதிர்வீச்சும் முடிந்து, ஒரு மாத ஓய்வுக்குப் பிறகு டெமோசோலோமைடு என்ற கீமோ மாத்திரையின் அடுத்த கட்டத்தைத் தொடங்கி மூன்றரை வாரம் ஆகியிருந்தது. உடனே கிளம்பி வரச் சொன்னேன். விடிகாலையில் வந்து சேர்ந்தார்கள். முழங்காலுக்குக் கீழே கொசு கடித்த மாதிரி சிவப்புப் புள்ளிகள். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள், ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியவை, பதினோராயிரத்தில் இருந்தன.

மாத்திரை டப்பாக்களைக் கேட்டேன். மஞ்சள் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். அடிக்கடி வர முடியாது என்று இரண்டு மாதத்துக்கும் சேர்த்தே வாங்கிப் போயிருந்தார்கள். எல்லாம் காலி.

"பத்து நாளும் ஒரு வேளைகூடத் தவறாமக் குடுத்தேன் டாக்டரம்மா. ஒரு நாள்கூட விடக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னது நான்தான். ஆனால் அது கதிர்வீச்சு நடந்தபோது. அப்போது தினமும் 120 மில்லிகிராம். ஓய்வுக்குப் பிறகு அளவு இரட்டிப்பாகும், 240 மில்லிகிராம். ஆனால் 28 நாளில் முதல் ஐந்து நாள் மட்டும். இந்த வித்தியாசத்தை நான் சீட்டில் ஆங்கிலச் சுருக்கெழுத்தில், என் கோழிக் கிறுக்கலில் எழுதியிருந்தேன். வாயால் சொன்னேனா என்று இன்றுவரை யோசிக்கிறேன். சொல்லியிருப்பேன். வெளியே நாற்பது பேர் காத்திருக்கும்போது எப்படிச் சொல்வோமோ அப்படி.

தட்டணு ஏற்றி, இரண்டு வாரம் வார்டில் வைத்திருந்தோம். பிழைத்துக்கொண்டார். அந்த மாதத்திலிருந்து சீட்டைத் தமிழில் எழுதுகிறேன்.

நான் மூளைக்கட்டி பார்க்கும் டாக்டர் ஆவேன் என்று நினைத்துப் படித்தவள் இல்லை. எம்பிபிஎஸ் முடித்து கவுன்சலிங்கில் கிடைத்தது எம்டி ரேடியோதெரபி. "எக்ஸ்ரே எடுக்கிற டாக்டரா?" என்று என் பெரியம்மா இன்னமும் கேட்பார். அமெரிக்காவில் நரம்பியல் படித்துவிட்டு நியூரோ ஆன்காலஜி என்று தனியாகப் பயிற்சி எடுக்கிறார்கள். நம் ஊரில் பெரும்பாலும் ஆளுக்கொரு வாசல் வழியாக இதற்குள் வருகிறோம். சிலர் அறுவை சிகிச்சையிலிருந்து, சிலர் நரம்பியலிலிருந்து, சிலர் கீமோ பக்கமிருந்து, என்னைப் போன்றவர்கள் கதிர்வீச்சிலிருந்து. வாரம் ஒருமுறை எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே ஸ்கேனைப் பார்ப்போம். அந்தக் கூட்டத்துக்கு 'போர்டு' என்று பெயர். என் உண்மையான படிப்பு அங்கேதான் நடந்தது.

இந்த வேலைக்குத் தமிழ்நாட்டில் நல்ல வேர் உண்டு. இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையை ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூரில் தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி தொடங்கினார். ஸ்கேன் என்ற சொல்லே இல்லாத காலம் அது. சுத்தியலால் முழங்காலைத் தட்டி, கண்ணுக்குள் வெளிச்சம் பாய்ச்சி, பேசவைத்துக் கேட்டு, கட்டி எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். எங்கள் தலைமுறை அந்தப் பொறுமையைக் கொஞ்சம் தொலைத்துவிட்டது. படத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஆளைப் பார்க்கிறோம்.

முதல் வருடம் மாஸ்க் செய்யும் அறையில் கழிந்தது. ஓட்டை ஓட்டையாக இருக்கும் ஒரு பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் போட்டால் தோசை மாவு மாதிரி தளர்ந்துவிடும். அதை எடுத்து, துடைத்து, படுத்திருப்பவர் முகத்தின் மேல் இழுத்து அழுத்த வேண்டும். சில நிமிடங்களில் இறுகி, அவருடைய மூக்கும் தாடையும் அப்படியே பதிந்துவிடும். கதிர்வீச்சு கொடுக்கும் 30 நாளும் அதை மாட்டித்தான் படுக்க வேண்டும். தலை இம்மியும் அசையக் கூடாது. ஒரு பாட்டி மாஸ்க் முடிந்ததும் உடம்பெல்லாம் நடுங்கினார். ஏன் என்று கேட்டால், "கரண்டு எப்ப வைப்பீங்க?" என்றார். நம் ஊரில் கதிர்வீச்சுக்கு எல்லோரும் சொல்லும் பெயர் 'கரண்டு வைக்கிறது'. அவர் உண்மையாகவே மின்சாரம் என்று நினைத்திருந்தார். வெளிச்சம் மாதிரி ஒன்று, ஷாக் அடிக்காது, சுடாது, வலிக்காது என்று அன்றுதான் யாரோ முதல்முறையாக அவருக்குச் சொன்னார்கள். அந்த யாரோ நான். அதற்கு முன் அவரை நான்கு டாக்டர்கள் பார்த்திருந்தார்கள்.

வீட்டில் என்ன சொல் சொல்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டாலே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம். வலிப்பு என்று சிலர் சொல்வார்கள், 'வெட்டு வந்துச்சு' என்று சிலர். ஆனால் ஆபத்தான சொல் அது இல்லை. 'ஒரு மாதிரி இருக்காரு' என்பதுதான். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதியில் கட்டி வளர்ந்தால் கை கால் விழாது, தலைவலிகூட இல்லாமல் இருக்கும், குணம் மாறும். மளிகைக் கடைக்காரர் ஒருவர், முப்பது வருடமாகக் கணக்கில் ஒரு ரூபாய் தவறாதவர், இருநூறு ரூபாய்க்கு ஐந்நூறு சில்லறை கொடுக்க ஆரம்பித்தார். சிரிக்க வேண்டாத இடத்தில் சிரித்தார். குடும்பம் முதலில் மனநல மருத்துவரிடம் போனது. பிறகு குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் தங்கிவிட்டு வந்தது. அவர்களை நான் குறை சொல்லவில்லை. புத்தி மாறினால் நம் ஆட்கள் தேடிப் போகும் இடங்களுக்குத்தான் போனார்கள். ஐம்பது வயதுக்கு மேல் ஒருவரின் சுபாவம் சில வாரங்களில் மாறினால், கூடவே ஒரு ஸ்கேனும் எடுத்துவிடுங்கள் என்று மட்டும் சொல்வேன். விடிகாலையில் தலைவலியோடு எழுந்து வாந்தி எடுப்பது, வாழ்க்கையில் முதல்முறையாக வரும் வலிப்பு, இரண்டையும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைக் கையில் திணிக்காதீர்கள். வாயில் ஸ்பூன் வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, மணியைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். பைக், கிணற்றுக் குளியல், மொட்டை மாடிக் கைப்பிடிச்சுவர், மூன்றும் கொஞ்ச காலத்துக்கு வேண்டாம்.

பயிற்சியின் கடைசி வருடத்தில் விழித்திருக்கும் நோயாளிக்குச் செய்யும் ஆபரேஷனில் உட்காரக் கிடைத்தது. கட்டி பேச்சுப் பகுதிக்குப் பக்கத்தில் இருந்தால், நோயாளியை மயக்கத்திலிருந்து எழுப்பி, படங்களைக் காட்டிப் பேசவைத்துக்கொண்டே சர்ஜன் மூளையில் சிறு மின்தூண்டல் கொடுப்பார். பேச்சு தடுக்கும் இடத்தில் ஒரு சின்னச் சீட்டு வைப்பார், அதைத் தொடமாட்டார். படம் காட்டும் வேலை எனக்கு. எங்களிடம் இருந்தவை வெளிநாட்டு அட்டைகள். பனிக்குடில், கற்றாழைத் தொட்டி, நம் ஊர் ஆள் பார்த்தே இராத ஏதோ ஒரு வாத்தியம். நல்ல நினைவில் இருக்கும் ஆளே முழிப்பார். மண்டை திறந்திருக்கும்போது முழித்தால் அது கட்டியா, மின்தூண்டலா, அட்டையா என்று எப்படித் தெரியும்? நானும் ஒரு பேச்சுப் பயிற்சியாளரும் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து புது அட்டைகள் செய்தோம். முறம், அம்மி, பூட்டு, நுங்கு, குத்துவிளக்கு. முந்தின நாள் மாலையே நோயாளியிடம் எல்லாவற்றையும் காட்டி, தடங்காமல் சொன்னவற்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு படத்துக்கும் "இது ஒரு..." என்று தொடங்கச் சொல்வோம். "இது ஒரு" வந்து, "முறம்" வராவிட்டால் பெயரைத் தேடும் இடம் தடுமாறுகிறது. "இது ஒரு" என்பதே நின்றுபோனால் பேசும் தசைகளை இயக்கும் இடம். இரண்டு சொல்லில் அவ்வளவு விஷயம்.

ஒருவர் மதுரையில் நெசவுக் குடும்பம், வீட்டில் சௌராஷ்டிரம் பேசுபவர். தமிழில் எல்லாப் படமும் சொன்னார். சர்ஜன் சீட்டு வைக்காமல் நகரப் போனார். இரு மொழி பேசுபவர்களுக்கு இரண்டும் மூளையில் முழுக்க ஒரே இடத்தில் இருப்பதில்லை என்று ஓஜமனும் விட்டேக்கரும் 1978இலேயே எழுதியிருக்கிறார்கள். நான் அதை முந்தின வாரம்தான் படித்திருந்தேன். தயங்கித் தயங்கிச் சொன்னேன். எங்கள் நர்ஸ் ஒருவர் சௌராஷ்டிரக்காரர். அவர் வந்து அதே அட்டைகளை அவர்கள் மொழியில் கேட்டார். ஒரே ஒரு இடத்தில் "பூட்டு" தமிழில் வந்தது, வீட்டு மொழியில் வரவில்லை. அங்கே சீட்டு வைத்தோம். அவர் அம்மாவிடம் பேச அந்த மொழி மட்டும்தானே இருக்கிறது. இப்படி ஆபரேஷன் என்று உங்கள் டாக்டர் சொன்னால், வீட்டில் என்ன மொழி, கனவு எந்த மொழியில் வருகிறது என்பதைக் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

ஆபரேஷன் முடிந்த பிறகு ஒரு பொருளை மறக்காமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்: பிளாக். எடுத்த கட்டியின் துண்டை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள், கட்டை விரல் அளவு. ஸ்லைடும் பிளாக்கும் கேட்டால் கொடுப்பார்கள். 1926இல் பெய்லியும் குஷிங்கும் மூளைக்கட்டிகளை நுண்ணோக்கியில் பார்த்துப் பெயரிட்டு வரிசைப்படுத்தினார்கள். கிட்டத்தட்ட தொண்ணூறு வருடம் அந்த வழியில்தான் போனோம். இப்போது தோற்றம் மட்டும் போதாது. 2021ஆம் ஆண்டின் உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டில் ஐடிஎச் என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறதா என்பதே கட்டியின் பெயரை மாற்றிவிடுகிறது. பழைய ரிப்போர்ட்டில் கிளியோபிளாஸ்டோமா என்று இருந்த இளைஞர் ஒருவருக்கு, பிளாக்கை மறுபடி பரிசோதித்தபோது ஐடிஎச் மாற்றம் உள்ள ஆஸ்ட்ரோசைட்டோமா என்ற வேறு வகைக் கட்டி என்று வந்தது. அதுவும் வீரியத்தில் நான்காம் நிலைதான். ஆனால் போக்கு வேறு. ஐடிஎச், 1பி/19கியூ, எம்ஜிஎம்டி: இந்த மூன்று மரபணுச் சோதனைகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, எங்களுக்கு எது தேவை, எது பார்த்தாச்சு என்று கேளுங்கள். எல்லாருக்கும் எல்லாமும் வேண்டியதில்லை. கேட்பதில் தப்பில்லை.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. கிளியோபிளாஸ்டோமா சிகிச்சையைப் பற்றி ஸ்டுப் என்ற டாக்டரின் குழு செய்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. 573 நோயாளிகள். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் நடுப்புள்ளி ஆயுள் 12.1 மாதம்; கூடவே டெமோசோலோமைடும் பெற்றவர்களுக்கு 14.6. இரண்டரை மாத வித்தியாசத்துக்கா இவ்வளவு செலவு என்று படித்த பிள்ளைகள் போனில் தேடிப்பார்த்துவிட்டுக் கேட்பார்கள். நடுப்புள்ளி என்றால் நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர். உங்கள் அப்பா எந்த இடத்தில் நிற்கிறார் என்று அது சொல்லாது. அதே ஆய்வில் இரண்டு வருடம் தாண்டி இருந்தவர்கள் மாத்திரை இல்லாத பக்கம் 10.4 சதவீதம், மாத்திரை பெற்ற பக்கம் 26.5 சதவீதம். நான் இரண்டையும் சேர்த்தேதான் சொல்வேன். நல்லதை மட்டும் சொன்னால் ஏமாற்று; கெட்டதை மட்டும் சொல்வதும் ஏமாற்றுதான், அதை நேர்மை என்று நாங்கள் நினைத்துக்கொள்கிறோம்.

ஆராய்ச்சி மெதுவாகத்தான் நகரும். ஐடிஎச் மாற்றம் மூளைக்கட்டியில் தெரியவந்தது 2008இல். அதைக் குறிவைத்த வோராசிடெனிப் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2024 ஆகஸ்டில். அதுவும் இரண்டாம் நிலைக் கட்டிகளுக்கு. பதினாறு வருடம். என் பங்கு இதில் எல்லாம் ஒன்றுமில்லை. நான் செய்தது, ஆய்வுகளில் நோயாளிகளிடம் கொடுக்கும் ஒரு கேள்வித்தாளைத் தமிழாக்கும் குழுவில் உட்கார்ந்தது. 'சோர்வு எந்த அளவு?' என்று போட்டோம். எழுதிப் படித்தவர்களுக்குப் புரிந்தது. ஒரு ஆச்சி, "சோர்வெல்லாம் இல்ல தாயி, ஒரே ஓய்ச்சலா இருக்கு" என்றார். 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தார். அன்று எத்தனை பழைய ஆய்வுகளில் எத்தனை ஆச்சிகள் 'இல்லை' என்று டிக் அடித்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன்.

வீட்டில் அதிகம் குழப்பும் மருந்து டெக்சாமெத்தசோன். மூளை வீக்கத்தைக் குறைக்க 1960களின் தொடக்கத்திலிருந்து பயன்படுகிறது. படுத்த ஆளை இரண்டு நாளில் எழுந்து உட்கார வைக்கும். அதனால் வீட்டில் அதன் மேல் பக்தியே வந்துவிடுகிறது. பிறகு ராத்திரி தூக்கம் போகும், நடுநிசியில் பசிக்கும், சர்க்கரை எகிறும், முகம் உப்பும். ஒரு மாதம் கழித்து, "காலு விழுந்துடுச்சு, கட்டி பெருசாயிடுச்சு போல" என்று அழுதுகொண்டு வருவார்கள். நான் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழச் சொல்வேன். இரண்டு தொடையும் ஒரே மாதிரி தளர்ந்து, பாதம் பலமாக இருந்தால் அது பெரும்பாலும் கட்டி இல்லை, இந்த மாத்திரை. அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடக் கூடாது. அது உயிருக்கே ஆபத்து. இரண்டு வேளை என்று எழுதியிருந்தால், இரண்டாவதை மதியச் சாப்பாட்டோடு கொடுக்கலாமா என்று கேளுங்கள். ராத்திரியில் கொடுத்தால் வீடே தூங்காது. அதே போல, வலிப்புக்குக் கொடுக்கும் லெவெடிராசிடம் சிலருக்குக் கடுங்கோபத்தை உண்டாக்கும். "இப்படி எரிஞ்சு விழுற மனுஷனே இல்ல" என்று மனைவிகள் அழுவதை வாரம் ஒரு முறையாவது கேட்கிறேன். அவர் குணமும் இல்லை, உங்கள் குற்றமும் இல்லை. சொல்லுங்கள், மருந்தை மாற்றலாம்.

கதிர்வீச்சு முடிந்த முதல் மூன்று மாதத்தில் எடுக்கும் எம்ஆர்ஐ ஒரு பொல்லாத படம். கட்டி வளர்ந்த மாதிரியே தெரியும். பல நேரம் அது கதிர்வீச்சு பட்ட இடம் வீங்கியிருப்பதுதான், தானே வடியும். ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போய், திருப்பூரிலிருந்து தங்கை கிளம்பி வந்து, வீடு துக்க வீடாகிய பிறகுதான் என்னிடம் வருவார்கள். பழைய சிடி எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள், முடிந்தால் ஒரே இடத்தில் ஸ்கேன் எடுங்கள், படத்தைப் போர்டில் பார்க்கும்வரை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

பணம்: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள், ஆபரேஷன் முடிந்த பிறகு அலைந்தால் சிரமம். சிகிச்சைக்கு ரயிலில் போகும் புற்றுநோயாளிக்கும் துணைக்கும் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான படிவத்தில் டாக்டர் கையெழுத்து வாங்க வேண்டும். நகையை விற்று யூட்யூபில் பார்த்த சாறு வாங்காதீர்கள். இதற்கு மேல் சொன்னால் திட்டிவிடுவேன்.

"அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்." கதவுக்கு வெளியே, தாழ்ந்த குரலில், ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் சொல்வது. பயிற்சிக் காலத்தில் நானும் தலையாட்டியிருக்கிறேன். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவருக்கு இடது பக்கம், காதுக்கு மேலே கட்டி. மகன் கேட்டுக்கொண்டபடி 'சின்ன நீர்க்கட்டி' என்றோம். வாத்தியார் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. நான்கு மாதம் கழித்து மகனே வந்து, சொல்லிடலாம் டாக்டர், நிலத்தைப் பத்திக் கேக்கணும், பேங்க்கில என்ன இருக்குன்னு தெரியல என்றார். அதற்குள் சொற்கள் போய்விட்டன. பேனாவைக் காட்டினால் "அது... அது..." என்பார். கையெழுத்துப் போடவைத்துப் பார்த்தோம். கோடு தாளை விட்டு மேசைக்குப் போனது. ஆனால் "ஓரெட்டு" என்று நான் எடுத்துக் கொடுத்தால், "எட்டு, ஈரெட்டு பதினாறு, மூவெட்டு இருபத்திநாலு" என்று எண்பதுவரை நிற்காமல் போவார். மகன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். வாய்ப்பாட்டில் நிலப் பத்திரம் எங்கே என்பது இல்லை.

இப்போது முதல் மாதத்திலேயே கேட்டுவிடுகிறேன். நோயாளியிடமே, உட்கார்ந்து: உங்களுக்கு எவ்வளவு தெரியணும்? யார் முன்னால பேசலாம்? பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. வீட்டில் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரியாத மாதிரி நடித்துக்கொண்டிருக்கிறார்கள். வங்கிக் கணக்கில் வாரிசுதாரர் பெயர், போன் பூட்டைத் திறக்கும் எண், பத்திரம் இருக்கும் இடம், யாருக்குக் கடன் கொடுத்தது, கடைசியில் வீட்டில் இருக்க வேண்டுமா ஆஸ்பத்திரியிலா. கேட்கும்போது என் கை குளிர்ந்துவிடும், இன்றும். கேட்டதற்காக இதுவரை யாரும் என்னைத் திட்டவில்லை.

அந்தப் பத்து நாள் மாத்திரைக் குடும்பம் அதற்குப் பிறகும் பதினான்கு மாதம் என்னிடம் வந்தது. தமிழில் எழுதிய முதல் சீட்டை அந்த அம்மாவிடம்தான் கொடுத்தேன், கொஞ்சம் பெருமையாகவே. 'உணவு உட்கொள்ளாத நிலையில், இரவு' என்று எழுதியிருந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"சாப்பிட்டு எத்தனை மணி நேரம் கழிச்சு?"

இரண்டு மணி நேரம் என்றேன்.

"அப்ப ஏழு மணிக்குச் சாப்பாடு, எட்டரைக்கு வாந்தி மாத்திரை, ஒம்பதுக்கு இது. அப்படி எழுதுங்க." பிறகு தேதியைப் பார்த்தார். "ஒண்ணாம் நாள், ரெண்டாம் நாள்னு போட்டா எனக்கு எப்படித் தெரியும்? கிழமை போடுங்க. திங்கள்லேர்ந்து வெள்ளி. வெள்ளிக்கிழமை ராத்திரி டப்பாவைப் பூட்டி வெச்சிடறேன்."

சீட்டை வாங்கி அடித்துவிட்டு, கிழமை போட்டு எழுதிக் கொடுத்தேன். இப்போது எங்கள் துறையில் அச்சடித்துக் கொடுப்பது அந்தச் சீட்டுதான். கீழே ஒரு வரி உண்டு, அதுவும் அவர் சொல்லித்தான்: 'வெள்ளிக்கிழமை இரவுக்குப் பிறகு மிச்சமிருந்தால், போன் செய்து கேட்காமல் கொடுக்க வேண்டாம்.'